அஞ்சறைப்பெட்டி கேள்வி-பதில்: இந்த மாதம் குங்குமப்பூ

மதுரை கீழமாசி வீதியில் அப்பா வைத்த நாட்டு மருந்துக் கடையில் 41 வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். இப்போது மகன் உட்காருகிறான். எனக்கு வேலை உங்கள் கடிதங்களைப் படிப்பதுதான். போன மாதம் சுக்கைப் பற்றி எழுதியதற்கு ஒன்பது கடிதம் வந்தது. 'அடுத்த மாதம் குங்குமப்பூ' என்று கடைசியில் ஒரு வரி போட்டதற்கு ஒரு கட்டே வந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு ஐந்தாம் மாதம். தினமும் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கச் சொல்கிறார் சம்பந்தியம்மா. குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? எவ்வளவு போடலாம்?
– திருநெல்வேலி வாசகி

பிறக்காது அம்மா.

இதை இவ்வளவு வெட்டென்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் நான் விற்ற குங்குமப்பூவில் முக்கால்வாசி இந்த நம்பிக்கையால்தான் விற்றது. "சிவப்பா பிறக்குமா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "நல்லது, கொடுங்க" என்பேன். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. வியாபாரி வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

குழந்தையின் தோல் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணு தீர்மானிப்பது. தோலில் மெலனின் எவ்வளவு என்பதுதான் கணக்கு. பாலை மஞ்சளாக்குகிற குரோசின் என்ற நிறப்பொருள் வயிற்றுக்குப் போனால் செரிமானம் ஆகும். குழந்தைக்கு வெள்ளையடிக்கப் போகாது. என் வீட்டிலேயே இரண்டு பிரசவத்துக்கும் கலப்படமில்லாத சரக்கு, அதுவும் கடன் சொல்லாமல், என் கடையிலிருந்தே போனது. மூத்தவன் என் நிறம். மழைக்கால இரவில் பல்லைக் காட்டினால்தான் தெரிவான். இளையவள் அவள் அம்மா நிறம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பாலுக்கு வாசனை கிடைக்கும், குமட்டல் இருக்கிற பெண் அந்த வாசனைக்காக ஒரு டம்ளர் பாலைக் குடிப்பாள் என்றால் இரண்டு மூன்று இழை போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அளவு மிஞ்சினால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை இதற்கு உண்டு. மகளைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டப்பா தீர்ந்ததும் மறு டப்பா வாங்கும் காசுக்கு முட்டையும் பேரீச்சம்பழமும் கீரையும் வாங்கிக் கொடுத்தால் சம்பந்தியம்மா கோபிப்பார், பேரக்குழந்தை கோபிக்காது.

ஒரு கிராம் பூவுக்கு சில நூறு ரூபாய் வாங்குகிறீர்களே, நியாயமா? பூதானே, அப்படி என்ன இருக்கிறது அதில்?
– ஈரோடு வாசகர்

நீங்கள் கேட்ட தொனியில்தான் நானும் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2013 நவம்பர் முதல் வாரம், எனக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஸ்ரீநகர் வியாபாரி "ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். போனேன். ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போகும் சாலையில் பக்கத்திலேயே பாம்போர். சாலையின் இரு பக்கமும் மேடான நிலம். ஒரு காலத்தில் ஏரியாக இருந்து, வண்டல் படிந்து, பிறகு மேடாகிப்போன மண் அது. கரேவா என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள், ஊர்க்காரர்கள் வுடர் என்கிறார்கள். பூவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கொங்.

விடியுமுன்னே எழுப்பிவிட்டார்கள். வெயில் ஏறிப் பூ நன்றாக விரிந்துவிட்டால் வாடிவிடும், இழையும் கெடும். அதனால் மொட்டு லேசாக வாய் திறக்கும் நேரத்திலேயே பறிக்க வேண்டும். செடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புல் மாதிரி நாலைந்து இலை, ஒரு சாண் உயரத்தில் ஊதாப் பூ. அதனால் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் இடுப்பை வளைத்தபடியே கூடையோடு நகர்ந்தார்கள். நான் அரை மணி நேரம் குனிந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வருஷம் முழுக்க இல்லை, அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரம்தான் இந்த அறுவடை. அந்த மூன்று வாரத்துக்குள் மழை பிசகினாலும் பனி முந்தினாலும் அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது.

அவர்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஊதாக் குவியல். இனிமேல்தான் வேலை. ஒவ்வொரு பூவிலும் ஆறு இதழ், மகரந்தம் சுமக்கும் மஞ்சள் தாள் மூன்று, நடுவில் சிவப்பாக மூன்று இழை. அந்த மூன்று இழைதான் குங்குமப்பூ. பள்ளிக்கூடப் பாடத்தில் சூலகமுடி என்று படித்திருப்பீர்கள். இதழுக்கு விலை இல்லை, ஒதுக்கிக் குவித்துவிடுகிறார்கள். இழைகளை மட்டும் விரல் நுனியால் பிரிக்க வேண்டும். இதற்கு மெஷின் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு, ஆனாலும் பெரும்பாலும் விரல்தான். நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தேன். முந்நூறு பூ இருக்கும். அந்த வீட்டுப் பாட்டி கஹ்வா என்கிற காஷ்மீர்த் தேநீரைக் குடித்துக்கொண்டே, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அதைப்போல் மூன்று பங்கு முடித்திருந்தார்.

முந்நூறு பூ என்றால் காய்ந்த பிறகு இரண்டு கிராம். ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ, ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ என்பது பொதுக் கணக்கு. பச்சையாக ஐந்து கிலோ இழை இருந்தால் உலர்ந்த பின் ஒரு கிலோ நிற்கும். காஷ்மீரில் வழக்கமாக வெயிலிலோ நிழலிலோ சில நாள் உலர்த்துவார்கள். ஸ்பெயினில் லா மாஞ்சா பக்கம் சல்லடையில் பரப்பிக் கங்கு அனலில் வாட்டுகிறார்கள்.

ஒன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பச்சை இழையை முகர்ந்து பார்த்தேன். புல் வாசனைதான் வந்தது, நம் கடை டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை இல்லை. உலரும்போதுதான் அது பிறக்கிறதாம். இழையில் பிக்ரோகுரோசின் என்று ஒரு கசப்பு இருக்கிறது. அது காயும்போது உடைந்து சஃப்ரனால் என்ற மணப்பொருள் ஆகிறது. அதாவது உலர்த்துகிறவர் கை பிசகினால் வாசனையே போச்சு. நல்ல குங்குமப்பூ கசப்பதும் இந்தப் பிக்ரோகுரோசினால்தான்.

இவ்வளவுக்கும் பிறகு விலை நியாயமா என்றால், இழை பிரித்தவர் கைக்குப் போகிற பங்கு நியாயமில்லை என்பேன். அதில் என் லாபமும் சேர்த்திதான்.

குங்குமப்பூவின் சொந்த ஊர் காஷ்மீரா, ஈரானா? வகுப்பில் விவாதம் வந்துவிட்டது.
– தஞ்சாவூர் மாணவர்

இரண்டும் இல்லை தம்பி. கிரேக்க நாடு. ஏதென்ஸைச் சுற்றியுள்ள பகுதியிலும் ஏஜியன் தீவுகளிலும் குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ் என்று ஒரு காட்டுப் பூ இன்றும் தானாக முளைக்கிறது. குங்குமப்பூவின் மூதாதை அதுதான் என்று மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சாண்டோரினி தீவில், எரிமலைச் சாம்பலுக்கு அடியில் 3,500 வருஷத்துக்கு மேல் புதைந்து கிடந்த அக்ரோத்திரி என்ற ஊரைத் தோண்டியபோது ஒரு சுவரோவியம் கிடைத்தது. இளம்பெண்கள் குரோக்கஸ் பூப் பறிக்கிறார்கள். ஒரு நீலக் குரங்கு தேவதைக்கு அதை நீட்டுகிறது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பறிக்கிற பெண்ணின் கை வளைவைப் பார்த்ததும் பாம்போர் வரப்பு ஞாபகம் வந்தது.

இதில் உங்கள் வகுப்புக்குப் பிடித்த மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. பயிரான குங்குமப்பூவுக்கு விதை கிடையாது. குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் அது மலடு. நம் பூவன் வாழையும் அப்படித்தானே? பழத்தில் விதை இல்லை. பக்கக் கன்று பெயர்த்து நடுகிறோம். குங்குமப்பூவில் கன்றுக்குப் பதில் கிழங்கு. சேப்பங்கிழங்கைச் சின்னதாக, தட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கிழங்கு பூத்து ஓய்ந்ததும் அதன் தலையில் குட்டிக்கிழங்குகள் உருண்டு வரும். அவற்றைப் பிரித்து நடுவார்கள். காற்றோ பறவையோ இதைப் பரப்ப முடியாது. கிரீஸிலிருந்து ஈரானுக்கும் ஸ்பெயினுக்கும் காஷ்மீருக்கும் இது போயிருக்கிறது என்றால், யாரோ ஒருவர் கிழங்கை மூட்டை கட்டிக் கொண்டுபோயிருக்கிறார் என்று அர்த்தம்.

காஷ்மீருக்கு யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஊரில் கதை உண்டு. இரண்டு சூஃபிப் பெரியவர்கள் வந்த இடத்தில் நோயுற்று, குணப்படுத்திய தலைவருக்கு நன்றியாக ஒரு கிழங்கைக் கொடுத்தார்கள் என்பார்கள். பாம்போரில் அவர்கள் பெயரில் தர்காவும் இருக்கிறது. கதை அழகு. ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே கல்ஹணர் என்ற கவிஞர், காஷ்மீர் அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் ராஜதரங்கிணியில் காஷ்மீரத்தின் பெருமைகளாகக் கல்வி, உயர்ந்த மாளிகை, குளிர்ந்த நீர், திராட்சை இவற்றோடு குங்குமத்தையும் சேர்த்துப் பாடிவிட்டார். அதனால் அங்கே அது பழைய பயிர் என்பது மட்டும் உறுதி.

நெற்றியில் வைக்கும் குங்குமத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
– காரைக்குடி வாசகி

பெயர் மட்டும். வடமொழியில் குங்குமம் என்றால் முதலில் இந்தப் பூதான். நெற்றிக் குங்குமம் மஞ்சளோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் செய்வது. மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். நிறத்தால் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் தமிழில் அசலுக்கே 'பூ' என்று வால் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. முகத்துக்குப் பூசும் குங்குமாதி தைலம் கேட்டு வருகிறவர்கள் "இதில் குங்குமம் போட்டிருக்கா, முகம் சிவந்துடாதே?" என்று பயப்படுவார்கள். அதில் சேர்வது பூதான்.

ரவா கேசரியும் அப்படியே. கேசர் என்றால் குங்குமப்பூ. இன்று கல்யாணப் பந்தியில் பரிமாறும் கேசரியில் பெயரைத் தவிரக் குங்குமப்பூ எதுவும் இல்லை, கலர்ப்பொடிதான்.

அசலா போலியா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– சேலம், திருச்சி, கோவை என்று பலர்

முதலில் நான் ஏமாந்த கதை. கடை என் கைக்கு வந்த புதிது. ஒருவர் 50 கிராம் தகர டப்பாவோடு வந்தார். விலை, சந்தை விலையில் பாதி. ஆசை யாரை விட்டது? வாங்கி விற்றேன். ஒரு வாரம் கழித்து வாடிக்கைக்கார அம்மா ஒருவர் பாயசக் கிண்ணத்தோடேயே கடைக்கு வந்தார். பாயசம் செக்கச் சிவப்பு, இழையெல்லாம் வெள்ளை. மக்காச்சோளக் குஞ்சத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தான். வாங்கிப்போன அத்தனை பேருக்கும் பணம் திருப்பிக் கொடுத்தேன். டப்பாக்காரர் அதன் பிறகு கண்ணில் படவில்லை.

அந்தக் கிண்ணமே எனக்குப் பாடம். நல்ல இழையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அவசரப்படாது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மெதுவாக மஞ்சள் இறங்கும், தண்ணீர் பொன்னிறமாகும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் சிவப்பு கொட்டி இழை வெளுத்தால் சாயம். ஈர விரலில் தேய்த்தால் மஞ்சள் ஒட்ட வேண்டும். நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும். இனித்தால் எடை கூட்டச் சர்க்கரைப் பாகோ தேனோ பூசியிருக்கிறார்கள். இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள், எண்ணெய்க் கறை விழக்கூடாது. இழையின் வடிவமும் சொல்லும்: ஒரு முனை நூலாக, மறு முனை எக்காளம் போல் விரிந்து ஓரம் சிலும்பி இருக்கும். குங்குமப்பூ என்று சொல்லித் தள்ளிவிடும் குசும்பாப் பூ இதழ் அப்படி இருக்காது, அதற்கு மணமும் கிடையாது. பொடியாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று என் போன்றவனுக்கே தெரியாது.

இந்தத் திருட்டு இன்று நேற்று வந்ததில்லை. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் குங்குமப்பூச் சோதனைக்கென்றே சட்டம் இருந்தது. 1444இல் கலப்படம் செய்த ஒருவரை அவர் சரக்கோடு சேர்த்தே கொளுத்தியிருக்கிறார்கள். தகர டப்பாக்காரர் பிறந்த காலம் நல்ல காலம்.

மதுரை மாடித் தோட்டத்தில் வளர்க்கலாமா? இணையத்தில் கிழங்கு விற்கிறார்கள்.
– மதுரை வாசகி

நம் ஊர்க்காரர் என்பதால் பணம் மிச்சமாக ஒரு பதில்: மொட்டை மாடியில் நடக்காது. இந்தக் கிழங்கு கோடையில் மண்ணுக்குள் தூங்கும்போது 23 முதல் 27 டிகிரி சூட்டில் உள்ளே பூவை உருவாக்கும். பிறகு 17 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர் வந்தால்தான் அது வெளியே தலைகாட்டும். நமக்குக் கார்த்திகை ராத்திரி கூட அவ்வளவு இறங்குவதில்லை. அடுத்து, தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்; நம் ஐப்பசி அடைமழை அதற்கு எமன்.

மூடிய அறையில் ஏசி போட்டு, தட்டில் மண்ணில்லாமல் கிழங்கை அடுக்கிப் பூக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூக்கும். கிழங்குக்குள் இருக்கும் இருப்பை வைத்தே பூத்துவிடும், அதனால் முதல் வருஷம் எல்லோருக்கும் ஜெயம். கஷ்டம் அதற்குப் பிறகு. பூ முடிந்ததும் இலைக்கு வெளிச்சமும் நீண்ட குளிர்காலமும் கிடைத்தால்தான் குட்டிக்கிழங்கு பருக்கும். எட்டுப் பத்து கிராமுக்குக் குறைந்த கிழங்கு அடுத்த வருஷம் பெரும்பாலும் பூக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு கிழங்கு, கிழங்குக்கு இரண்டு பூ என்றாலும் இருநூறு பூ. ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல். ஏசி பில்?

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இலையுதிர்காலக் குரோக்கஸ் என்ற பெயரில் விற்கும் அலங்காரப் பூ ஒன்று உண்டு. பார்க்க அச்சு அசல், ஆனால் விஷம். அதில் மகரந்தத் தாள் ஆறு இருக்கும், குங்குமப்பூவில் மூன்றுதான். அந்த விஷத்தின் பெயர் கோல்ச்சிசின். நம் செங்காந்தளிலும், அதாவது கண்வலிக் கிழங்கிலும், அதே விஷம்தான் இருக்கிறது. கடையில் அப்பா அந்தக் கிழங்கைத் தனி டப்பாவில் பூட்டி வைப்பார். சாவி அவர் அரைஞாணில்.

காஷ்மீர் பூ வாங்குவதா, ஈரான் பூவா?
– புதுச்சேரி வாசகர்

உலகத்தில் விளைவதில் பத்தில் ஒன்பது பங்கு ஈரானில், முக்கியமாகக் கொராசான் பக்கம். நல்ல பூ, விலையும் குறைவு. காஷ்மீர்ப் பூ நிறம் இன்னும் அடர்த்தி, இழை தடிமன். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரான் பூவைக் காஷ்மீர் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. ஈரான் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்குங்கள். காஷ்மீரிலேயே மோங்க்ரா என்றால் சிவப்பு முனை மட்டும். லச்சா என்றால் அடியில் மஞ்சள் காம்பும் சேர்ந்தது. மஞ்சள் பகுதியில் எடைதான் இருக்கிறது, நிறமும் மணமும் குறைவு. மோங்க்ரா விலைக்கு லச்சாவைத் தள்ளிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

ஆனால் காஷ்மீர்ப் பூ குறைந்துகொண்டே வருகிறது. 1996இல் 5,707 ஹெக்டேர் இருந்த நிலம் 2010 வாக்கில் 3,715 ஆகிவிட்டது. அந்த வருஷம் மத்திய அரசு சுமார் 400 கோடி ரூபாயில் குங்குமப்பூ இயக்கம் தொடங்கியது. நான் போனபோது வயலோரம் புதுக் குழாய்களைப் பார்த்தேன். அந்த நிலம் வானம் பார்த்த பூமி. செப்டம்பர் மழை தப்பினால் பூ இல்லை. அதோடு கிழங்கைத் தோண்டித் தின்னும் முள்ளம்பன்றி, பக்கத்து சிமென்ட் ஆலைத் தூசி, வயலுக்குள் முளைக்கும் வீடுகள் என்று அவர்கள் சொன்ன குறை நீளம். என்னோடு இழை பிரித்த பாட்டியின் பேரன் ஸ்ரீநகரில் மொபைல் கடை வைத்திருந்தான்.

பாட்டியின் பீரோவில் ஒரு வெள்ளிச் செப்பு நிறையக் குங்குமப்பூ கிடைத்தது. 1980 வாக்கில் வாங்கியதாம். பயன்படுத்தலாமா?
– கும்பகோணம் வாசகி

மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய வைக்கோல் வாசனை வந்தால் சஃப்ரனால் எப்போதோ பறந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சமும் காற்றும் படாமல் இறுக மூடி வைத்தாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் மணம் நிற்காது. நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். பூச்சி, பூஞ்சணம் இல்லையென்றால் சந்தனத்தோடு அரைத்துச் சாமிக்குச் சாத்துங்கள், சமையலுக்கு வேண்டாம்.

புதிது வாங்கினால் நெய்யில் வறுக்காதீர்கள், பொசுங்கிவிடும். வெதுவெதுப்பான பாலில் அரை மணி நேரம் ஊற வைத்து, பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது பாலோடு ஊற்றுங்கள். நாலு பேருக்குப் பத்து இழை போதும். செப்பை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.